தளபதியான மருத்துவர்



காரைக்குடிப் பக்கத்து ஊர்களுக்கு வருபவர்கள் எங்கள் வீடுகளின் தூண்களைக் கண்டு வியப்பார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தால் கைகள் எட்டாத பருமனுள்ள தேக்குத் தூண்கள். அவை பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அந்த நாட்டோடு எங்கள் சீமைக்கு இருந்த தொடர்பைப் பற்றிச் சொல்லும்போது, எல்லோரும் வட்டித்தொழிலையும் தேக்கையும் நெல்லையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நான் இன்று சொல்லப்போவது அந்த நாட்டின் தலைநகரில் 1945ஆம் ஆண்டில் கழிந்த பத்து நாட்களைப் பற்றியும், அந்த நாட்களுக்குப் பொறுப்பேற்று நின்ற ஒரு தமிழ் மருத்துவரைப் பற்றியும் ஆகும். அவர் பெயர் ஆற்காடு துரைசாமி லோகநாதன்.

அவரைப் பற்றி நான் அறிந்துகொண்டதே ஒரு தவற்றினால்தான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. அதை வாசித்து விளக்கிவிட்டு, "1944இல் இம்பாலில் அந்தப் படை தோற்றுத் திரும்பியது, அத்துடன் அதன் கதை முடிந்தது" என்று சொல்லி மணி அடிப்பதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். முடிவுரை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். சுருக்கமாகத்தான் முடித்தேன்.

மறுநாள் மாலை, பள்ளி வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். என் மாணவன் ஒருவனுடைய ஐயா அவர். தோளில் துண்டு, கையில் குடை. "தம்பி, கதை முடிந்துபோயிற்று என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களாமே. அந்தக் கதை முடிந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே நிற்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டுப் போகலாம் என்று அழைத்தார். அன்று முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் லோகநாதன் என்னும் பெயர் என் காதில் முதன்முதலாக விழுந்தது. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். பெரியவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

லோகநாதன் 1888ஆம் ஆண்டில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து லெப்டினன்ட் கர்னல் தரம் வரை உயர்ந்தவர். அக்காலத்தில் அந்தப் பணியில் உள்ள மருத்துவர் அரசாங்க ஊழியரும் ஆவார், படைவீரரும் ஆவார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தபோது ஆயிரமாயிரம் இந்தியப் படையினர் கைதிகள் ஆயினர். அப்போது லோகநாதனுக்கு வயது ஐம்பத்து மூன்று. வேறு காலமாயிருந்தால் ஓய்வூதியத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பும் வயது அது. அவரோ இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, அதன் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அமைத்தார். அந்த அரசின் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் வரிசையில் லோகநாதன் பெயரும் உண்டு. டாக்டர் லட்சுமியின் பெயரும் அதில்தான் இருக்கிறது. இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஓர் அரசின் அமைச்சர்களாக அமர்ந்த நிகழ்ச்சி அது.

இனி அந்தமான் தீவுகளுக்கு வருவோம். அந்தக் கதை மகிழ்ச்சியான கதை அன்று. ஆயினும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானியர் 1942 மார்ச்சு 23ஆம் நாள் அந்தமானைப் பிடித்தனர். பின்னர், அந்தத் தீவுகளைத் தற்காலிக அரசுக்கு அளிப்பதாக அறிவித்தனர். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேருக்குச் சென்றார். டிசம்பர் 30ஆம் நாள் அங்கே நம் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத் என்றும் ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டப்பட்டது. தியாகி என்பதும் தன்னாட்சி என்பதும் அவற்றின் பொருள். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும், ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும் இந்திய அரசு பெயர் மாற்றியது இந்த நினைவால்தான்.

கொடி ஏறியது. ஆனால் கொடிக்கம்பத்துக்குச் சற்றுத் தொலைவில், கூண்டுச் சிறையில், ஜப்பானியரால் ஒற்றர் என்று ஐயுறப்பட்ட இந்தியர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுள் ஒருவர் டாக்டர் திவான் சிங் என்னும் பஞ்சாபிக் கவிஞர். சித்திரவதைக்கு ஆளாகி 1944 ஜனவரி 14ஆம் நாள் அவர் இறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சு என்னும் இடத்தில் நாற்பத்து நான்கு இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் பலர் இந்திய சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்களே.

இது நடந்து சில வாரங்களில், பிப்ரவரி மாதத்தில், லோகநாதன் தலைமை ஆணையராகத் தீவில் வந்து இறங்கினார். அவருடன் வந்தவர்கள் ஒரு கையில் எண்ணிவிடக் கூடிய சிலரே. பட்டாளம் இல்லை. கருவூலம் இல்லை. ஜப்பானியரிடம் அவர் முதலில் கேட்டது காவல் துறையை. அது கையில் இருந்தால்தான் ஒற்றர் வழக்கு என்ற பெயரால் நடக்கும் கொடுமைகளை விசாரிக்க முடியும், தடுக்க முடியும். அதைத் தர ஜப்பானியர் மறுத்தனர். போர் முடியட்டும் என்றனர். காவல் துறை இல்லையேல் மற்ற துறைகளும் எனக்கு வேண்டா என்று லோகநாதன் சொல்லிவிட்டார். முடிவில் அவர் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு துறை. அது கல்வித் துறை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. எந்த ஆட்சியாளரும் பிறருக்கு எளிதில் கொடுத்துவிடக் கூடிய துறை எங்கள் துறைதான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதால் தங்களுக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும்.

ஆட்சித் தலைவர் என்ற பெயர்ப் பலகை வாசலில் தொங்க, சிறையில் கேட்கும் கூக்குரலை நிறுத்த முடியாத நிலையில் ஒரு மனிதர் மாதக்கணக்காக அங்கே இருந்தார். உடல் நலமும் குன்றியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், உடன் வந்திருந்த மேஜர் ஆல்வியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பினார்.

அவர் ஏன் முதல் வாரத்திலேயே பதவியைத் துறந்து உலகறியக் குரல் எழுப்பவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயமான கேள்விதான். ஹம்ப்ரிகஞ்சில் தந்தையை இழந்த பிள்ளை கேட்டால் நான் என்ன விடை சொல்வேன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். சொல்லும் விடை எதுவும் அந்தப் பிள்ளைக்குப் போதாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரமில்லாத பதவியை அதிகாரமுள்ளது போல அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஜப்பானியர் கொடுத்த மற்றத் துறைகளையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், தீவில் நடந்த கொடுமைகளெல்லாம் அவர் பெயரால் நடந்தவையாகியிருக்கும். இந்த வேறுபாடு சிறியது என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

இப்போது ரங்கூனுக்குப் போவோம். பெரியவரின் திண்ணைக்கும் போவோம்.

பெரியவர் பதினைந்து வயதுக்கு முன்பே கொண்டுவிக்கப் போனவர்களோடு பர்மா சென்றவர். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன். இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சொல் விளங்காது. கடையின் மேலாள், அடுத்தாள் இவர்களுக்குக் கீழே, பணப்பெட்டியின் அடியில் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொள்ளும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல்விளை மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம், கடன் திரும்பாமையால் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. அதனால் பர்மியர் மனத்தில் மூண்ட கசப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நிலத்தை இழந்தவனுக்கு அது இயல்பு.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. மக்கள் ஓடத் தொடங்கினர். 1942 மார்ச்சு 8ஆம் நாள் நகரம் ஜப்பானியர் வசமாகும் முன்பே ஆங்கில ஆட்சி அங்கே குலைந்துவிட்டது. சிறைக் கைதிகளும் மனநோயாளிகளும் திறந்துவிடப்பட்டனர். கடைகள் கொள்ளை போயின. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் நம் நாட்டை நோக்கிப் புறப்பட்டனர். வழியிலேயே காலராவாலும் பசியாலும் மாண்டவர்கள் பல்லாயிரவர். எங்கள் ஊர்களில் அந்த நடையில் ஒருவரையேனும் இழக்காத தெரு அரிது. பெரியவரின் கடையிலிருந்து அடுத்தாள் நடந்து போனார். ஊர் வந்து சேரவில்லை. பையனுக்கு அப்போது காய்ச்சல். அதனால் மேலாளுடன் ரங்கூனிலேயே தங்கிவிட்டான். அந்தக் காய்ச்சல்தான் தம்மைக் காப்பாற்றியது என்பார் பெரியவர்.

ஆக, ஓர் அரசு ஒரு நகரத்தை விட்டுப் போனால் அங்கே இருப்பவர்கள் கதி என்னவாகும் என்பதை 1942இல் பார்த்தவர்கள், 1945 ஏப்ரலில் மீண்டும் அதே நிலையைக் கண்டார்கள். இம்முறை போகிறவர்கள் ஜப்பானியர். ஆங்கிலப் படை வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சு 27ஆம் நாள் ஆங் சான் தலைமையிலிருந்த பர்மியப் படையும் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஏப்ரல் 24ஆம் நாள் நேதாஜி, ஜான்சி ராணிப் படைப் பெண்களுடன் பாங்காக் நோக்கிப் புறப்பட்டார். போகுமுன், ரங்கூனில் இருந்த இந்தியர்களைக் காக்கும் பொறுப்பை மேஜர் ஜெனரல் தரத்துக்கு உயர்ந்திருந்த லோகநாதனிடம் விட்டுச் சென்றார். அவர் கையில் இருந்தது ஐந்தாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடைப்பட்ட படையினர். வெற்றி பெறும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. தப்பிப் போகவும் அனுமதியில்லை. நகரத்தைக் காத்து வைத்திருந்து, ஆங்கிலேயர் வந்ததும் போர்க்கைதிகளாகச் சரணடைய வேண்டும். இதுவே உத்தரவு.

மாணவர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். பகைவன் வரும்வரை வீட்டைப் பெருக்கித் துடைத்துக் காவல் காத்து, அவன் வந்ததும் அவன் முன் கையை நீட்டி விலங்கு பூட்டிக்கொள்வது எளிய வேலையா? அந்த வீரர்களுள் பலர் மலேயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் தமிழ்ப் பிள்ளைகள்.

பெரியவர் சொன்னார்: "எங்கள் தெருமுனையில் இரண்டு பேர் நின்றார்கள், தம்பி. ஒருவன் தமிழன், பினாங்குப் பக்கத்தான். இன்னொருவன் பஞ்சாபி. இரவெல்லாம் பூட்ஸ் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மேலாள் இரண்டு வீரர்களுக்கும் பணம் கொடுத்தனுப்பினார். வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கஞ்சி கொண்டுபோனேன். அதைக் குடித்தார்கள்."

"நீங்கள் ஜெனரலைப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை, தம்பி. பேரைத்தான் கேட்டேன். லோகநாதன் உத்தரவு, லோகநாதன் உத்தரவு என்று சொல்லுவார்கள். பத்து நாளும் அந்தப் பேர்தான் எங்களுக்குப் போலீஸ்."

ஏப்ரல் முடிவதற்குள் ஜப்பானியர் நகரத்தைக் காலி செய்துவிட்டனர். ரங்கூன் சிறையில் இருந்த ஆங்கிலக் கைதிகள், ஜப்பானியர் போய்விட்டதாகக் கூரை மேல் பெரிய எழுத்துக்களில் எழுதி, விமானம் ஓட்டி வருபவர்களுக்கு அறிவித்தனர். மே 2ஆம் நாள் ஓர் ஆங்கில விமானி மிங்கலதோன் விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்து, பகைவர் ஒருவரும் இல்லையென்று கண்டார். மறுநாள் ஆங்கிலேயரின் 26ஆவது இந்திய டிவிஷன் கப்பல் வழியாக வந்து நகருக்குள் நுழைந்தது. வந்தவர்கள் எரிந்த நகரத்தையும் பிணங்களையும் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவர்கள் கண்டது காவலர் நிற்கும் தெருக்களை. ஏப்ரல் 24 முதல் மே 4 வரை இந்தியர் வாழ்ந்த பகுதிகளில் கொள்ளை நிகழவில்லை. லோகநாதனும் அவர் படையினரும் படைக்கலங்களை ஒப்படைத்துக் கைதிகள் ஆயினர்.

அதே ஆண்டு நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சகல், தில்லான் ஆகிய மூவர் மீது படைநீதிமன்ற விசாரணை தொடங்கியது. அவர்களுக்காக வாதாடியவர் புலாபாய் தேசாய். தற்காலிக அரசு உண்மையான அரசே, அதற்குச் சொந்தமாக நிலப்பரப்பும் இருந்தது, ஆகவே அதன் படையினர் போர் தொடுக்கும் உரிமை பெற்றவர்கள் என்பது வாதத்தின் ஒரு பகுதி. நிலப்பரப்பு என்றால் அந்தமான். அந்தமானை ஆண்டவர் என்று சாட்சி சொல்ல வந்தவர் லோகநாதன்.

இங்கேதான் நான் முன்னே சொன்ன காரணம் வருகிறது. தோழர்கள் மூவரின் உயிர் தராசில் இருக்கிறது. "ஆம், தீவுகள் முழுவதையும் நான்தான் ஆண்டேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கேட்ட நாடே கைதட்டியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தம் கைக்கு வந்தது கல்வித் துறை ஒன்றுதான் என்பதையும், காவல் துறை தரப்படாததால் மற்றவற்றை ஏற்கவில்லை என்பதையும் உள்ளபடியே சொன்னார். ரங்கூனின் நாட்களைப் பற்றியும் சொன்னார். தேசாயும் அதை வைத்துக்கொண்டே வாதத்தைக் கட்டினார். தீவில் ஏற்காத பதவிகளை நீதிமன்றத்திலும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு 1946 ஜனவரி முதல் வாரத்தில் அத்தண்டனை நீக்கப்பட்டது. அவர்கள் வெளியே வந்தார்கள்.

லோகநாதன் நாடு விடுதலை பெற்றதைக் கண்டார். நெடுநாள் இருக்கவில்லை. 1949இல் காலமானார். செங்கோட்டை என்றால் மூவர் பெயரைச் சொல்கிறோம். அந்தமான் என்றால் நேதாஜி கொடி ஏற்றியதைச் சொல்கிறோம். இடையில் இவர் பெயர் நழுவிவிடுகிறது. என் பாடநூலிலும் இல்லை. என் வாயிலும் வரவில்லை.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "அந்தப் பத்து நாளும் காத்த பெட்டியில் எவ்வளவு பணம் இருந்தது, ஐயா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே பட்டகசாலைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் ஜப்பானியர் பர்மாவுக்காக அச்சிட்ட ரூபாய்த் தாள்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அவை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். "கொள்ளைக்காரன் வந்திருந்தால் இதைத்தான் கொண்டுபோயிருப்பான். இதற்காக எங்களைக் கொன்றும் போட்டிருப்பான்" என்றார். அவற்றில் ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடம் வரும்போது அந்தத் தாளை வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். "இது செல்லுமா, சார்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். செல்லாது என்று சொல்லிவிட்டு, அதைக் காத்தவர்களின் கதையைத் தொடங்குவேன். பாடக்குறிப்பில் ஒதுக்கிய நேரத்துக்கு மேல் அது எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைக் குறையாக எழுதிவிட்டுப் போனதும் உண்டு.

ஓய்வு பெற்ற நாளில் அந்தத் தாளைப் பள்ளியின் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதன் மேலுறையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் லோகநாதன் என்னும் பெயரும், "ரங்கூன், 24-4-1945 முதல் 4-5-1945 வரை" என்னும் வரியும் என் கையெழுத்தில் இருக்கின்றன.